வடிகால் என்றும் தாய்வாய்க்கால் என்றும்

வல்லங்குடிக்குப் போய் விண்ணரசி வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். கோரைக்காரி வீடு என்று கேட்டால் உடனே கையைக் காட்டுவார்கள். நெல் விளைகிற ஊரில் இது பாராட்டிக் கொடுத்த பட்டம் இல்லை. கோரை என்பது களை, பிடுங்கி எறிய ஆள் தேடி அலைகிற சமாசாரம். அதைப் போய் ஒரு பெண்பிள்ளை வேலை மெனக்கெட்டு வயலில் நட்டு வளர்த்தால் ஊர் சும்மா இருக்குமா? விண்ணரசிக்கு இதில் வருத்தமில்லை. "கூப்பிட்டுட்டுப் போகட்டும், என்ன குறைஞ்சு போச்சு" என்பாள். வருத்தப்பட அவளிடம் வேறொன்று இருந்தது. அதை எட்டு வருஷம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

அவள் பிறந்த ஊர் கீழவெளி. வல்லங்குடியிலிருந்து கிழக்கே இரண்டு கிலோமீட்டர். இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு வாய்க்கால் ஓடுகிறது. வல்லங்குடி வயல்களில் மிஞ்சுகிற தண்ணீரெல்லாம் வடிந்து அதில்தான் விழும். அதே தண்ணீர் கீழவெளிக்குப் போய் மாதா கோயில் குளத்தை நிரப்பிவிட்டு, மிச்சம் வயல்களில் பாயும். ஆகவே வல்லங்குடியில் அதற்கு வடிகால் என்று பெயர், கீழவெளியில் தாய்வாய்க்கால் என்று பெயர். டெல்டாவில் பாதி வாய்க்கால்களின் கதை இதுதான். மேலே இருப்பவன் கைகழுவி விட்டதைக் கீழே இருப்பவன் கையேந்தி வாங்கிக்கொள்கிறான்.

கல்யாணமாகி வந்த புதிதில், எண்பத்தாறாம் வருஷம், மாமியார் மருந்து தெளித்த டப்பாவை வாய்க்காலில் அலசுவதைப் பார்த்துப் பதறிப்போனாள். "அத்தை, தாய்வாய்க்கால்ல போய்க் கழுவுறீங்களே" என்றாள். "எந்தத் தாயி? இது வடிகாலுடி" என்றார் மாமியார். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். புதுப்பெண்ணும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தாள். இரண்டு வருஷத்தில் அவள் வாயிலும் வடிகால் என்றே வர ஆரம்பித்துவிட்டது. வாக்கப்பட்ட ஊர்ப் பேச்சு ஒட்டிக்கொள்வது சகஜம்தான். ஆனால் ஒன்றை வடிகால் என்று சொல்லிப் பழகிவிட்டால் அதில் எதைக் கொட்டவும் மனம் கூசாது.

தொண்ணூற்று மூன்றில் அவள் புருஷன் ரெமிஜியஸ் கொத்தனார் வேலைக்கு மஸ்கட் போனார். அந்தச் சமயத்தில் ஊரில் பாதி ஆம்பளைகள் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். போகும்போது ஒன்பது மா நிலத்தை, மூன்று ஏக்கர் வரும், யாருக்காவது குத்தகைக்கு விட்டுவிடச் சொன்னார். விண்ணரசி தலையை ஆட்டினாள், விடவில்லை. தானே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். ஆம்பளை இல்லாத வயல்தானே என்று ராத்திரியோடு ராத்திரியாக மடையை மாற்றிக் கட்டிப் பார்த்தவர்கள், ஒரே பருவத்தில் அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். மூன்றாம் வருஷம் அவள் பயிர் நின்ற அழகைப் பார்க்க, வேலை இல்லாதவர்கள்கூட அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவளுக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. இல்லை என்று சொல்ல முடியாது.

தொண்ணூற்றேழில், ஐப்பசி மாதம் அது நடந்தது. அந்த வாரம் உள்ளூர் உரக்கடையில் குருணை மருந்து இல்லை. தண்டைத் துளைக்கிற பூச்சிக்குப் போடுவது அது. வயலில் தண்ணீரைக் கட்டி, மணலோடு கலந்து விசிற வேண்டும். மற்றவர்கள் கடைக்குச் சரக்கு வரட்டும் என்று காத்திருந்தார்கள். விண்ணரசி காத்திருப்பாளா? மன்னார்குடிக்கு பஸ் ஏறிப் போய் இரண்டு பை வாங்கி வந்து, ஊரில் முதல் ஆளாகப் போட்டு முடித்தாள். போட்ட தண்ணீர் ஏழு நாள் வயலை விட்டு வெளியே போகக்கூடாது என்று பையிலேயே அச்சடித்திருந்தது. அதைப் படிக்கவும் செய்தாள்.

மறுநாள் காலையில் பிடித்த மழை சாயங்காலம் வரை விடவில்லை. நட்டு இருபது நாளான பயிர் நுனிகூடத் தெரியாமல் முழுகிவிட்டது. எல்லாரும் மண்வெட்டியோடு ஓடி வடிமடையை வெட்டிவிட்டார்கள். வயலின் கடைசி மூலையில், மிஞ்சின தண்ணீரை வடிகாலில் விடுவதற்கு இருக்கிற வாய்தான் வடிமடை. விண்ணரசியும் ஓடினாள். மடையில் நின்று ஒரு நிமிஷம் யோசித்தாள். யோசிக்காமல் வெட்டியிருந்தாலாவது பின்னாளில் தன்னை மன்னித்திருப்பாள். "வடிகால்லதானே போவுது" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டுதான் வெட்டினாள்.

மூன்றாம் நாள் தம்பி சகாயராஜ் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தான். அவன் கீழவெளியில் மேய்ச்சல் வாத்து வைத்திருந்தவன். அறுப்பு முடிந்தால் வயல் வயலாக ஓட்டி மேய்ப்பான். பயிர் நிற்கிற மாதங்களில் தாய்வாய்க்காலிலும் குளத்திலும் விடுவான். வந்தவன் சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை, அப்படியே சாய்த்துப் போட்டான்.

"வாத்து போயிடுச்சுக்கா. முந்நூறுல பதினாறுதான் நிக்கிது. கொளத்துல மீனெல்லாம் மல்லாந்து கெடக்கு."

தம்பி உட்கார்ந்து அழுதான். இருபத்தெட்டு வயது ஆம்பளை, மூக்கைச் சிந்தி அழுதான்.

"மேல யாரோ மருந்துத் தண்ணியத் தொறந்து வுட்டுட்டாங்க. யாரோ என்ன யாரோ, பஞ்சநதம் அண்ணன்தான். தாய்வாய்க்கால ஒட்டி ஒரு வேலி நெலம் அவருக்குத்தானே இருக்கு" என்றான்.

விண்ணரசி உள்ளே போனாள். காபி போட்டுக் கொடுத்தாள், சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். அவன் சாப்பிடாமல் போனான். நேராகப் பஞ்சநதம் வீட்டுக்குத்தான் போனான்.

பஞ்சநதம் வல்லங்குடியில் பெரிய விவசாயி. ஒரு வேலி என்றால் ஏழு ஏக்கருக்குக் கொஞ்சம் குறையும். வருஷா வருஷம் அறுப்பு முடிந்ததும் சகாயராஜின் வாத்துகள் முதலில் இறங்குவது அவர் வயலில்தான். அவர் மனைவி பிரகதாம்பாள், வாத்து மேய்கிற அத்தனை நாளும் அவனுக்கு வீட்டிலிருந்து சோறு கொடுத்து அனுப்புவாள். இரண்டு பிள்ளைகளும் சிங்கப்பூரில் இருந்ததால் கொடுத்துக் கொடுத்துப் பழகிய கையை அவளால் சும்மா வைத்திருக்க முடியவில்லை என்று பஞ்சநதமே கேலி செய்வார். அந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு சகாயராஜ் சொல்லக்கூடாததையெல்லாம் சொன்னான். "நான் இந்த வாரம் மருந்தே போடலடா. கடையில சரக்கே வரலியே" என்றார் பஞ்சநதம். பெரிய விவசாயி, வெளியூரில் வாங்கியிருப்பார் என்றார்கள், யாரும் நம்பவில்லை. கீழவெளியில் அவருக்கு வாத்துக்கொல்லி என்று பெயர் வைத்தார்கள். இனி செத்தாலும் அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று சகாயராஜ் மாதாமேல் ஆணையிட்டான்.

அவர் சொன்னது உண்மை என்று தெரிந்த ஒரே ஆள் விண்ணரசி. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டாள். தள்ளிப்போட்ட உண்மை நாளாக நாளாகக் கனம் கூடும், தூக்க முடியாது. இதில் அவளுக்கு யாரும் வக்காலத்து வாங்க முடியாது.

ஆனால் அதன் பிறகு அவள் செய்த காரியத்தைச் சொல்லாமலும் இருக்க முடியாது. அப்படி ஒரு காரியம் வல்லங்குடியில் யாரும் செய்ததில்லை. அடுத்த கோடையில் ஒன்பது மாவுக்கும் சுற்றி வரப்பை அரை அடி உயர்த்தினாள். இரண்டு ஆள் கூலிக்கு, மூன்றாவது ஆள் அவள். வடிகாலை ஒட்டியிருந்த கடைசி ஒரு மாவை, நல்ல விளைச்சல் நிலம் அது, ஒரு முழம் ஆழம் வெட்டிப் பள்ளமாக்கி, பாய் பின்னுகிற கோரையை நட்டாள். மற்ற எட்டு மா தண்ணீரும் நேரே வடிகாலுக்குப் போகாமல் முதலில் கோரைக்குள் வந்து நின்று, மெதுவாகத்தான் வெளியேற வேண்டும். குருணையை அதோடு தலைமுழுகினாள். யூரியாவை வேப்பம்புண்ணாக்கோடு கலந்து, ஒரே தடவையில் கொட்டாமல் மூன்று தடவையாகப் பிரித்துப் போட்டாள். போட்ட அன்றைக்கே வடிமடையைக் களிமண் வைத்து அடைத்துவிடுவாள். ஏழு நாள் ஆனால்தான் திறப்பாள், மழை வந்தாலும் சரி.

ஊர் சிரித்தது. பக்கத்து வயல் தியாகேசன் வரப்பில் நின்றுகொண்டு, "என்னா தங்கச்சி, வயலுக்குள்ள பாய்க்கடை வைக்கப் போறியா?" என்றார்.

"ஆமாண்ணே. மொதப் பாய் உங்களுக்குத்தான். பகல்லயே தூங்குற ஆளு நீங்கதானே" என்றாள் விண்ணரசி.

தியாகேசனையும் ஒரு நாள் அவள் மடக்கினாள். மழை ஓய்ந்த காலையில் அவர் வடிமடையில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தாள், தன் கோரை வாயில் ஒரு டம்ளர் பிடித்தாள். இரண்டையும் வரப்பில் வைத்துவிட்டுக் களை பறிக்கப் போய்விட்டாள். மத்தியானம் வந்து பார்த்தால் அவர் டம்ளரில் இரண்டு விரல்கடை வண்டல் படிந்திருந்தது. அவளுடையதில் அடியில் லேசாக ஒரு பூச்சு.

"இது உங்க மேல்மண்ணுண்ணே. இதுலதான் நீங்க போட்ட உரமும் போவுது. வெலை கொடுத்து வாங்கிட்டு வந்து எங்க ஊர்க் கொளத்துக்குப் போடுறீங்க. அங்க பாசிதான் நல்லா வெளையுது."

மறுவாரம் தியாகேசனின் வடிமடை அடைத்திருந்தது. பிறகு இன்னும் நாலைந்து பேர். யாரும் அவளைப் பார்த்துச் செய்ததாக ஒத்துக்கொள்ளவில்லை. மண்ணு போகுதேன்னுதான் அடைச்சோம் என்று சொல்லிக்கொண்டார்கள். கோரைக்காரி என்று கூப்பிடுவதையும் விடவில்லை. ஆனால் இப்போது அந்தப் பெயரைச் சொல்லும்போது குரலில் கேலி பாதிதான் இருந்தது.

இரண்டாயிரத்தில் லீவில் வந்த ரெமிஜியஸ் கோரையைப் பார்த்துவிட்டு, "ஒரு மா போச்சே" என்று இரண்டு நாள் புலம்பினார். மூன்றாம் நாள் கோரை வாயில் குனிந்து முகம் கழுவினார். "அங்க தண்ணி லாரியில வரும். கேனைத் தூக்கிட்டு வரிசையில நிப்போம்" என்றார். அவ்வளவுதான். அழித்துவிட்டு நடு என்று சொல்லாமல் விமானம் ஏறினார். அவரைத் தெரிந்தவர்களுக்கு அது பெரிய சம்மதம் என்று புரியும்.

மறுவருஷம் பிரகதாம்பாள் காலமானாள். டெல்டாவில் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிடலாம், சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். சாவுக்குப் போகாமல் இருக்க முடியாது. பகையாளிகூட வந்து வாசலில் நின்றுவிட்டுப் போவான். சகாயராஜ் வரவில்லை. விண்ணரசி போயிருந்தாள். பெண்களோடு உட்கார்ந்திருந்தவளைப் பஞ்சநதம் தாண்டிப் போகும்போது நின்று, "சகாயம் வரலியா தங்கச்சி?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் அவளை வதைத்தது. அன்றைக்கு அவள் அழுத அழுகையைப் பார்த்து, எவ்வளவு பாசம் வைத்திருந்தாள் பார் என்று சுற்றியிருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

அப்புறம் இரண்டு வருஷம் ஆற்றில் தண்ணீர் சரியாக வரவில்லை. வந்த கொஞ்சநஞ்சத் தண்ணீரும் உரமும் மருந்துமாகத்தான் கீழே இறங்கியது. மாதா குளம் பச்சைக் கூழாக மாறியது. குளித்த பிள்ளைகளுக்கெல்லாம் உடம்பில் அரிப்பு. இரண்டாயிரத்து ஐந்தில் ஆடி பதினெட்டு கழிந்து, கீழவெளிக்காரர்கள் வல்லங்குடிப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போடச் சொல்லி வந்துவிட்டார்கள். சகாயராஜ்தான் அவர்களுக்காகப் பேசினான். வாத்து போன பிறகு அவன் கீழவெளியில் கொஞ்சம் நிலம் குத்தகைக்கு எடுத்து விவசாயம் செய்துகொண்டிருந்தான். சில வருஷம் கழித்து, சின்னதாக ஒரு மந்தை வாத்தும் திரும்ப வாங்கியிருந்தான்.

"உரமோ மருந்தோ போட்டா, ஏழு நாள் தண்ணிய உங்க வயல்லயே தேக்கணும். எல்லாரும் ஒத்துக்கணும். இல்லேன்னா ஐப்பசிக்கு முன்னாடி வாய்க்காலுக்குக் குறுக்க மண்ணடிச்சிடுவோம்" என்றான்.

குறுக்கே மண்ணடித்தால் முதல் மழைக்கே வல்லங்குடி வயல் முழுதும் முழுகும். அடிதடி, போலீஸ், கோர்ட் என்று போகும். ஆனாலும் கேட்டது நியாயம் என்று எல்லாருக்கும் தெரியும். தியாகேசன் முதலில் கையைத் தூக்கினார். ஒவ்வொருவராகச் சரி என்றார்கள். பஞ்சநதம் மட்டும் துண்டை மடியில் போட்டுக்கொண்டு கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தார். வடிகாலில் விழுகிற தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு அவருடையது. அவர் இல்லாமல் மற்றவர்கள் தேக்கியும் பிரயோசனமில்லை.

"நான் தேக்க மாட்டேன்" என்றார். "தேக்கினாலும் யாரு நம்பப் போறா? எட்டு வருஷமா நான் வாத்துக்கொல்லி. போடாத மருந்துக்குப் பேரு வாங்கினவன். மண்ணடிக்கிறதுன்னா அடிச்சுக்குங்க."

கீழவெளிக்காரர்கள் இரண்டு பேர் எழுந்து கிளம்பத் தயாரானார்கள். குளம் இனி பச்சையாகவே கிடக்கும், ஐப்பசியில் இரண்டு ஊரும் மண்வெட்டியோடு எதிரெதிரே நிற்கும் என்பது விண்ணரசிக்கு நன்றாகத் தெரிந்தது. அதைத் தடுக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. சொன்னால் தம்பி தன்னை விட்டுப் போய்விடுவான் என்பதும் தெரிந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அண்ணே, அந்த வருஷம் குருணை போட்டது நான். மன்னார்குடியில வாங்கியாந்து ஊர்ல நான் ஒருத்திதான் போட்டேன். மறுநாளே மடையத் தொறந்ததும் நான்தான்" என்றாள். பிறகு தம்பியின் பக்கம் திரும்பினாள். "சகாயம், ஒன் வாத்தக் கொன்னது அவரு இல்ல. ஒன் அக்கா."

சகாயராஜ் அவளைப் பார்த்தபடியே நின்றான். திட்டுவான் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள்.

"வாத்து கெடக்குதுக்கா. வாத்து திரும்ப வாங்கிட்டேன்" என்றான். "அந்தம்மா சாவுக்கு நான் போகலியே. எனக்கு வருஷக்கணக்கா சோறு போட்டவங்க. என்னப் போக வுடாம பண்ணிட்டியேக்கா."

பஞ்சநதம் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். "நானும் தேக்குறேன். எழுதிக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே நடந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து சகாயராஜ் கிளம்பினான். சைக்கிளை ஏறி மிதிக்காமல் உருட்டிக்கொண்டே வடக்குத் தெருவுக்குப் போனான். விண்ணரசி பின்னாலேயே போனாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. பஞ்சநதம் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். உள்ளே போய் அவர் முன்னால் நின்று, இரண்டு கையையும் நீட்டினான். துக்கம் கேட்க வருகிறவர்கள் அப்படித்தான் நீட்டுவார்கள், வீட்டுக்காரர் அதில் தன் கையை வைப்பார். பதினாறு நாளுக்குள் செய்கிற காரியம். நாலு வருஷம் கழித்து எந்த ஊரிலும் யாரும் செய்ததில்லை. பஞ்சநதம் அந்தக் கைகளைப் பார்த்தார், பிறகு தன் கையை வைத்தார்.

"கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாடா" என்றார். "சகாயம் வரலியா, சகாயம் வரலியான்னு."

இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதார்கள். விண்ணரசி வாசலுக்கு வெளியே, ரோட்டிலேயே நின்றாள். உள்ளே போக அவளுக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகுதான் சகாயராஜ் வெளியே வந்தான். அவளைத் தாண்டிப் போய்ச் சைக்கிளை எடுத்தான். எடுத்தவன் கிளம்பவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு மண்ணைப் பார்த்தபடி நின்றான்.

"போன வருஷம் நானும் குருணை போட்டேன்க்கா" என்றான். "ரெண்டு நாள்ல மழை வந்துது. பயிர் முழுவுதேன்னு தொறந்துதான் வுட்டேன்."

"எதுல வுட்ட?"

"கீழ இருக்கிற வடிகால்ல."

சொன்னபிறகுதான் அந்த வார்த்தை அவன் காதில் விழுந்தது போலிருந்தது. நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான்.

"அது எந்த ஊருக்குக்கா போவுது?"

கீழவெளியில் பிறந்து, இருபது வருஷம் அங்கேயே வளர்ந்தவள் விண்ணரசி. ஒரு நாளும் அவள் அந்தப் பக்கம் போய்ப் பார்த்ததில்லை, யாரையும் கேட்டதும் இல்லை. "தெரியலடா" என்றாள்.

சகாயராஜ் சைக்கிளைக் கிழக்கே திருப்பினான். பின்னால் கேரியரைக் கையால் தட்டினான்.

"ஏறு. போய்ப் பாத்துட்டு வருவோம்."